170141183460469231731687303715884105727: வகுத்தே பார்க்காமல் பகா எண் என்று எப்படிச் சொன்னார்கள்?

நெல்லை_நிரலர்

வணக்கம். ரஸ்ட் நிரல்மொழியில் குறியுள்ள 128 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு 2^127 − 1. விரித்து எழுதினால் 39 இலக்கம்:

170141183460469231731687303715884105727

ஓவர்ஃப்ளோ சோதிக்கும்போது அடிக்கடி கண்ணில் படுகிற எண்தான். இது ஒரு பகா எண் என்று இப்போதுதான் கவனித்தேன். பைத்தானில் கேட்டால் கண் இமைக்கும் நேரத்தில் ஆமாம் என்கிறது. அது இருக்கட்டும், கணினி செய்கிற வேலை. ஆனால் பிரான்சில் எதுவார் லூக்கா என்பவர் 1876ஆம் ஆண்டே இதைக் கையால் கணக்குப் போட்டு நிறுவிவிட்டார் என்று படித்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்ப்பது, அது ஒன்றுதான் பள்ளியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த வழி. இந்த எண்ணின் வர்க்கமூலமே 20 இலக்கம். அந்த மனிதர் என்னதான் செய்தார்? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டும். எனக்குக் கல்லூரிக் கணிதம் ஓரளவு நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு_டீச்சர்

நல்ல கேள்வி தம்பி. வகுத்துப் பார்க்கிற வழி எதனால் நடக்காது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். அதிலேயே இந்த எண்ணைப் பற்றி நிறையத் தெரிந்துவிடும்.

எல்லாப் பகா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை. க என்ற பகா எண் 2^127 − 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் 2^127ஐக் கவால் வகுத்தால் மீதி 1. 127 பகா எண் என்பதால் இதைவிடச் சின்ன அடுக்கு எதிலும் மீதி 1 வராது. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 2^(க−1)க்கும் மீதி 1. ஆகவே க − 1 என்பது 127இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். க ஒற்றைப்படை, அதனால் 254இன் மடங்கு. அதாவது வகுத்திகள் எல்லாம் 255, 509, 763 என்று 254 கூடிக்கொண்டே போகிற வரிசையில்தான் இருக்க முடியும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2^127க்கு மீதி 1 என்றால் 2^128க்கு மீதி 2. அதாவது 2^64இன் வர்க்கத்துக்கு மீதி 2. 2 என்பது ஏதோ ஒன்றின் வர்க்கமாக அமைகிறது. அப்படி அமைய வேண்டுமென்றால் கவை 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7ஆக இருக்க வேண்டும். வரிசையில் பாதி இங்கேயே கழிந்துவிடும்.

மிஞ்சியதைப் பாருங்கள். 255 (3இன் மடங்கு), 1017 (9 × 113), 1271 (31 × 41), 2033 (19 × 107), 2287. முதல் நான்கும் பகு எண்கள். 2287 பகா எண். ஆக, இத்தனை பெரிய எண்ணுக்கு முதன்முதலாக வகுத்துப் பார்க்க வேண்டிய எண்ணே 2287தான்! 3, 5, 7, 11 எதையும் தொட வேண்டாம்.

2287ஆல் வகுபடுமா என்று பார்க்க 39 இலக்கத்தையும் எழுத வேண்டியதில்லை. 2^8 = 256இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி மீதி எடுத்துக்கொண்டே போகலாம்.

2^16க்கு மீதி 1500
2^32க்கு மீதி 1879
2^64க்கு மீதி 1800
2^128க்கு மீதி 1608

வகுபட்டிருந்தால் கடைசியில் 2 வந்திருக்கும். 1608 வந்திருக்கிறது. 2287 வகுத்தி இல்லை. தாளில் ஐந்தாறு வரிதான்.

இப்படியே போகலாமே என்று தோன்றும். ஆனால் வர்க்கமூலம் சுமார் 1.3 × 10^19. அதை 254ஆல் வகுத்து, பாதியாக்கினால் கிட்டத்தட்ட 2.6 × 10^16 எண்கள். நொடிக்கு ஒன்று என்று ஓயாமல் பார்த்தாலும் 80 கோடி ஆண்டுகளுக்கு மேல். 1772இல் ஆய்லர் 2^31 − 1ஐப் பகா எண் என்று காட்டியது இந்த வழியில்தான். அதன் வர்க்கமூலம் 46,340. அவரால் முடிந்தது. 127க்கு இந்தப் பாதை அடைபட்டுவிட்டது.

நெல்லை_நிரலர்

டீச்சர், 2287 கணக்கை நானும் போட்டுப் பார்த்துவிட்டேன், அதே 1608. ரொம்ப நன்றி. அப்படியானால் லூக்கா எந்த வழியில் போனார்?

பிட்_பைட்_பாலக்காடு

ஃபெர்மா சோதனைதானே? ஒரு எண்ணை எடுத்து (எண் − 1) அடுக்குக்கு உயர்த்தி மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2ஐ வைத்துப் பார்த்தால் 2^127 − 1 சுத்தமாகத் தேறுகிறது. லைப்ரரிகளும் உள்ளே இதைத்தான் கொஞ்சம் மாற்றிச் செய்கின்றன.

எண்கோட்பாடு_மாணவி

அண்ணா, 2ஐ வைத்து இந்தக் குடும்பத்து எண்களைச் சோதிக்கவே கூடாது. அடுக்கு ப ஒரு பகா எண்ணாக இருந்தால் 2^ப − 1 எப்போதுமே 2இன் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும், பகாவாக இருந்தாலும் பகுவாக இருந்தாலும். 2^11 − 1 = 2047 = 23 × 89. அதுவும் தேறும்! 2^11க்கு மீதி 1, 2046 என்பது 11இன் மடங்கு, முடிந்தது கதை. 2^67 − 1உம் அப்படியே தேறும், அதுவும் பகு எண்.

3, 5 என்று வேறு எண்களை வைத்துச் செய்தால் பொருளுண்டு. அப்போதும் ‘பெரும்பாலும் பகா எண்’ என்று சொல்லலாமே தவிர, நிரூபணம் ஆகாது. நெல்லை அண்ணன் கேட்பது நிரூபணம். அது இவ்வளவு அழகாக இருக்கும்போது அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதி இது. 4இல் தொடங்குங்கள். கையில் இருப்பதை வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். வந்ததை 2^ப − 1ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ப − 2 தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண் (ப ஒற்றைப் பகா எண்ணாக இருக்க வேண்டும்).

ப = 7 என்றால் எண் 127. ஐந்து தடவை:

4 → 14 → 67 → 42 → 111 → 0

பூஜ்யம். 127 பகா எண். ப = 11 என்றால் எண் 2047. ஒன்பது தடவை:

4 → 14 → 194 → 788 → 701 → 119 → 1877 → 240 → 282 → 1736

பூஜ்யம் வரவில்லை. 2047 பகு எண். 23, 89 என்ற பெயர்களே இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுத்தியைக் காட்டாமலேயே ‘உனக்கு வகுத்தி உண்டு’ என்று சொல்கிறது.

ஏன் இது வேலை செய்கிறது? 2 + √3, 2 − √3 என்ற இரண்டு எண்களை எடுங்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 1. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4² − 2 = 14. மறுபடி வர்க்கப்படுத்திக் கூட்டினால் 14² − 2 = 194. ஆக நம் வரிசை வேறொன்றும் இல்லை, 2 + √3உம் 2 − √3உம் 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கிற அடுக்குகளில் ஏறும்போது கிடைக்கிற கூட்டுத்தொகைதான்.

இப்போது ப = 127. 125 தடவைக்குப் பிறகு பூஜ்யம் வந்தது என்றால்,

(2 + √3)^(2^125) + (2 − √3)^(2^125) என்பது நம் எண்ணால் வகுபடுகிறது.

இரண்டு பக்கமும் (2 + √3)^(2^125)ஆல் பெருக்குங்கள். இரண்டாவது உறுப்பு 1 ஆகிவிடும். ஆக (2 + √3)^(2^126)க்கு மீதி −1. ஒரு தடவை வர்க்கப்படுத்தினால் (2 + √3)^(2^127)க்கு மீதி 1. அதாவது 2 + √3ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கினால், சரியாக 2^127 தடவைக்குப் பிறகுதான் 1க்குத் திரும்புகிறது, அதற்கு முன்னால் திரும்பாது. பாதி வழியில் −1இல் நிற்கிறதே, அதுதான் சாட்சி.

இப்போது நம் எண் பகு எண் என்று வைத்துப் பாருங்கள். அதற்கு வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகா வகுத்தி க இருக்க வேண்டும். எல்லாவற்றையும் கவால் வகுத்த மீதியாகப் பாருங்கள். அ + ஆ√3 வடிவத்தில், அ, ஆ இரண்டும் 0 முதல் க − 1 வரை. மொத்தம் க² சோடிகள், பூஜ்யத்தை நீக்கினால் க² − 1. 2 + √3இன் அடுக்குகள் எல்லாம் இதற்குள்தான் உலவ வேண்டும். 1க்குத் திரும்புமுன் 2^127 வெவ்வேறு இடங்களைத் தொட்டாக வேண்டும் என்று மேலே பார்த்தோம். ஆனால் க² − 1 என்பது 2^127ஐவிடச் சின்னது. இடமே போதாது! ஆகவே அப்படி ஒரு க இல்லை. எண் பகா எண்.

நிரூபணம் அவ்வளவுதான். பகா எண்ணாக இருந்தால் கட்டாயம் பூஜ்யம் வரும் என்ற மறுபக்கத்துக்கு இருபடி நேரெதிர்மை விதி வேண்டும். ஆனால் பூஜ்யம் கண்ணால் வந்துவிட்ட பிறகு, 2^127 − 1 பகா எண் என்று நம்ப அந்தப் பக்கம் தேவையே இல்லை.

கணக்கு_டீச்சர்

மாணவி, ‘இடமே போதாது’ என்ற வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தேற்றத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நல்லா இருங்க.

ஒரு சேர்க்கை. லூக்கா தொடங்கியது 4இல் அல்ல, 3இல். 3, 7, 47, 2207 என்று போகும். இவை ஃபிபனாச்சி வரிசையின் உடன்பிறப்பான லூக்கா வரிசையின் 2ஆம், 4ஆம், 8ஆம், 16ஆம் உறுப்புகள். அங்கே √3க்குப் பதில் √5. அடுக்கை 4ஆல் வகுத்தால் மீதி 3 வர வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. 127 அப்படிப்பட்டது, 7உம் அப்படிப்பட்டது. அடுக்கு 7, அதாவது எண் 127ஐ வைத்துப் பாருங்கள்: 3 → 7 → 47 → 48 → 16 → 0. எல்லா ஒற்றைப் பகா அடுக்குக்கும் பொருந்துகிற மாதிரி 4ஐ வைத்துச் சீர்ப்படுத்தி முழு நிரூபணம் கொடுத்தவர் டி. எச். லேமர், 1930இல். அதனால்தான் இன்று லூக்கா–லேமர் சோதனை என்கிறோம்.

யாழ்_எண்

எல்லாம் சரி. ஆனால் 39 இலக்க எண்ணை 125 தரம் வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு தரமும் 78 இலக்கத்தை 39 இலக்கத்தால் பிரித்து மீதி எடுக்கிறதென்றால் ஒரு மனிசனால் பிழையில்லாமல் ஏலுமே? இந்த முதன்மை எண்ணில் (நீங்கள் சொல்கிற பகா எண்) எனக்கு நம்ப முடியாத இடம் அதுதான்.

நெல்லை_நிரலர்

வகுத்தல் வேண்டாமே! இது எனக்குத் தெரிந்த இடம், நான் சொல்கிறேன். 2^127க்கு மீதி 1 என்பதால், இரும வடிவில் எழுதி மேல் பாதியை வெட்டிக் கீழ்ப் பாதியோடு கூட்டினால் போதும். மேலே மாணவி போட்ட 127 கணக்கில் பாருங்கள்: 67² = 4489. 128ஐ வைத்துப் பிரித்தால் 35 × 128 + 9. ஆக 35 + 9 = 44. இரண்டைக் கழித்தால் 42. வகுத்தல் எங்கும் இல்லை. நிரலில் ஒரு ஷிஃப்ட், ஒரு கூட்டல்.

கணக்கு_டீச்சர்

சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. லூக்காவும் இருமத்தில்தான் யோசித்தார். 127 கட்டம் கொண்ட வரிசைகளாகச் சதுரங்கப் பலகை மாதிரி வரைந்து, 1 வருகிற கட்டத்தில் காய் வைத்து, பெருக்கல் என்பதை வரிசையை நகர்த்தி அடுக்குவதாகவும், ஒரு பக்கம் வெளியே போகிற காய் மறுபக்கம் திரும்ப நுழைவதாகவும் மாற்றிவிட்டார். ஒரு கட்டத்தில் இரண்டு காய் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த கட்டத்தில் ஒன்று வைக்க வேண்டும். விளையாட்டு விதிகள் மாதிரியே எழுதி வைத்தார். பிட் என்ற சொல்லே பிறக்காத காலம் அது.

ஹனாய் கோபுரப் புதிரை 1883இல் வெளியிட்டவரும் இதே லூக்காதான். வட்டு ஒன்றுக்கு 1 நகர்வு, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 7 என்று போகும். 127 வட்டு இருந்தால் குறைந்தபட்சம் வேண்டிய நகர்வுகள் எத்தனை தெரியுமா? இந்த இழையின் தலைப்பில் இருக்கிற அதே எண்.

யாழ்_எண்

நன்றி டீச்சர், முறை விளங்குது. எண்டாலும் என்ர கேள்வி நிக்குது. பிழை விடவில்லை எண்டு ஆர் சரிபார்த்தது?

பழைய_ஏடு

சரித்திரப் பக்கம் நான் வருகிறேன். யாழ் நண்பரின் சந்தேகம் நியாயமானதே.

1644இல் மரேன் மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி, 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவற்றுக்கு மட்டும் 2^ப − 1 பகா எண் என்று எழுதினார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. பட்டியலில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 127 சரி. அதைச் சரி என்று காட்டத்தான் 232 ஆண்டுகள் பிடித்தன.

லூக்கா அதே 1876இல், 2^67 − 1 பகு எண் என்றும் காட்டினார், வகுத்தியைக் கண்டுபிடிக்காமலே. வகுத்திகளை 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டார்: 193707721 × 761838257287. அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு அமர்ந்தார், அவை கைதட்டியது என்று ஒரு கதை சொல்வார்கள். 61ஐ 1883இல் ரஷ்யாவின் பெர்வுஷின் என்ற பாதிரியார் சேர்த்தார். 89, 107 இரண்டும் 1911, 1914இல் பவர்ஸ் கண்டவை.

127க்கு வருகிறேன். 1914இல் ஃபோகெம்பர்க் மறுபடியும் கணக்கிட்டு லூக்காவின் முடிவு சரி என்றார். 1951 வரை, அதாவது 75 ஆண்டுகள், உலகம் அறிந்த ஆகப் பெரிய பகா எண் இதுவே. அந்த ஆண்டு ஃபெரியே மேசைக் கால்குலேட்டரை வைத்து (2^148 + 1)/17 என்ற 44 இலக்க எண்ணைக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் மில்லரும் வீலரும் கண்டது 79 இலக்கம். அதுவும் லூக்காவின் எண்ணின் மேலேயே கட்டியது: 180 × (2^127 − 1)² + 1. அடுத்த ஆண்டு, 1952இல், ராபின்சன் ஸ்வாக் கணினியில் 521, 607 என்று ஐந்து மெர்சேன் அடுக்குகளை (2^ப − 1 பகா எண்ணாக அமைகிற அடுக்குகளை) தொடர்ந்து கண்டார். கையால் கண்ட மெர்சேன் பகா எண்களில் 127ஐ மிஞ்சியது எதுவும் இல்லை, இனி வரவும் போவதில்லை.

யாழ்_எண்

ஆக, 1914இல இன்னொருத்தர் திரும்பச் செய்திருக்கிறார். இப்ப எனக்குத் திருப்தி.

பிட்_பைட்_பாலக்காடு

மாணவி சொன்ன நிரூபணத்தில் எனக்கு ஒரு கேள்வி. எண்ணோடு 1 கூட்டினால் 2^127, அதுதான் மையமாக இருக்கிறது. எண்ணிலிருந்து 1 கழித்து அந்தப் பக்கமாகவும் நிரூபிக்க முடியாதா?

எண்கோட்பாடு_மாணவி

முடியும், அருமையான கேள்வி. 1 கழித்தால் 2^127 − 2 = 2 × (2^63 − 1) × (2^63 + 1). இதை முழுக்க உடைக்கலாம்:

2 × 3³ × 7² × 19 × 43 × 73 × 127 × 337 × 5419 × 92737 × 649657 × 77158673929

(டீச்சர் சொன்னபடி 127 உள்ளே இருக்கிறது, பாருங்கள்.) இந்தப் பன்னிரண்டு பகா எண்களும் தெரிந்தால், ஒரு எண்ணை எடுத்து அதன் சுழற்சி நீளம் (திரும்பத் திரும்பப் பெருக்கி மீதி 1க்குத் திரும்ப ஆகிற தடவைகள்) சரியாக 2^127 − 2 என்று காட்டிவிடலாம். அப்படி ஒரு எண் கிடைத்துவிட்டால் பகா எண் என்பது நிரூபணமாகிவிடும். 1975இல் பிராட் இதைச் சான்றிதழ் வடிவமாகவே ஆக்கினார். ஆனால் 77158673929 பகா எண் என்று தனியாகக் காட்ட வேண்டும், அதற்குக் கீழே இன்னொன்று என்று கிளை பிரிந்துகொண்டே போகும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு எண்ணைப் பகா என்று நிரூபிக்க முடிகிறதா என்பது அது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல. அதன் பக்கத்து வீட்டு எண்கள் எப்படி உடைகின்றன என்பதைப் பொறுத்தது. 2^127 − 1க்கு மேல் பக்கம் வெறும் 2கள். அதைவிட எளிதாக ஒரு எண் உடையவே முடியாது. அதனால்தான் 39 இலக்கம் 1876இல் சாத்தியமானது. இதற்கு அருகில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு 39 இலக்க எண்ணை எடுத்தால் அது பகாவாக இருக்க 88இல் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிக் கிடைத்த எண்ணை அன்று யாராலும் நிரூபித்திருக்க முடியாது. வடிவம் எதுவும் இல்லாத எந்த எண்ணையும் உறுதியாக, வேகமாகச் சோதிக்க ஒரு முறை உண்டு என்று கான்பூர் ஐஐடியின் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் காட்டியது 2002இல். கோட்பாட்டில் அது மிகப் பெரிய விஷயம். நடைமுறையில் மெர்சேன் எண்களுக்கு இன்றும் லூக்கா வழியே மிக வேகம். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் கண்டறிந்த 2^136279841 − 1, 4,10,24,320 இலக்கம், அதையும் கடைசியாக உறுதிசெய்தது இதே ‘வர்க்கப்படுத்து, 2ஐக் கழி’ கணக்குதான்.

புது_உறுப்பினர்_சேலம்

எல்லாருக்கும் வணக்கம், இழையை மூச்சு விடாமல் படித்தேன். நான் சைபர் பாதுகாப்புப் படிக்கிறேன். டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்துக்கு (இருவர் பொதுவெளியிலேயே பேசி ஒரு இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் முறை) ஒரு பெரிய பகா எண் வேண்டும் என்கிறார்கள். மீதி எடுப்பது இவ்வளவு சுலபம் என்றால் இந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாமா?

எண்கோட்பாடு_மாணவி

தம்பி, தயவுசெய்து வேண்டாம். 127 பிட் இன்றைக்கு மிகச் சிறியது. அது ஒரு காரணம். அதைவிட மோசமான காரணம் நான் மேலே எழுதிய அந்த உடைப்பு. 2^127 − 2இன் பெரிய பகா வகுத்தி வெறும் 11 இலக்கம். போலிக்–ஹெல்மன் முறையில் இரகசிய அடுக்கை ஒவ்வொரு வகுத்திக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஒட்டிவிடலாம். ஆகக் கடினமான துண்டுக்கே சில லட்சம் படிகள்தான். உங்கள் மடிக்கணினியே நொடிகளில் உடைத்துவிடும். நிரூபிப்பதற்கு வசதியாக இருந்த அதே குணம் இங்கே உங்களுக்கு எதிரி. பாதுகாப்புக்கு வேண்டியது 1 கழித்தால் பெரிய துண்டு மிஞ்சுகிற பகா எண்.

பிட்_பைட்_பாலக்காடு

ஆனால் குறியாக்கத்தில் பயன்படுகிற நீள்வட்ட வளைவுகளில் நிலைமை வேறு. அங்கே பார்க்க வேண்டியது வளைவிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, எண் − 1 அல்ல. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோஸ்டெல்லோவும் லாங்காவும் 2015இல் வெளியிட்ட ஃபோர்க்யூ வளைவு 2^127 − 1ஐத்தான் அடித்தளமாக வைத்தது, வேகத்துக்காகவே. இன்னொன்று, உங்கள் கணினியிலேயே இந்தக் குடும்பத்தின் தம்பி வேலை செய்துகொண்டிருக்கிறான்: 64 பிட் இயந்திரத்தில் பைத்தான் எண்களுக்கு ஹாஷ் (விரைவாகத் தேட உதவும் அடையாள எண்) போடுவது 2^61 − 1 என்ற மீதியில். பெர்வுஷின் கண்டாரே, அதே எண்.

பழைய_ஏடு

ஒன்று விட்டுப் போயிற்று. யூக்ளிட் காலத்துச் செய்தி: 2^126 × (2^127 − 1) ஒரு நிறைவு எண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் தானே கிடைக்கும். 77 இலக்கம், நிறைவு எண்களில் 12ஆவது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. 2இல் தொடங்குங்கள். 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2^7 − 1 = 127. 2^127 − 1 நம் எண். ஐந்தும் பகா எண்கள். லூக்காவின் முடிவு வந்த அதே 1876இல் கத்தலான் இந்தச் சங்கிலியைச் சுட்டிக்காட்டினார். அடுத்த கண்ணியும் பகாவா?

நெல்லை_நிரலர்

அதை எழுதவே முடியாதே. அடுக்கே 39 இலக்கம் என்றால் எண்ணின் இலக்கங்கள் மட்டும் சுமார் 5 × 10^37. லூக்கா சோதனைக்கு அத்தனை பெரிய எண்ணை 10^38க்கு மேற்பட்ட தடவை வர்க்கப்படுத்த வேண்டும்.

கணக்கு_டீச்சர்

பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வழியில்லை. ஆனால் பகு எண் என்று காட்ட ஒரு வழி திறந்தே இருக்கிறது. வகுத்திகள் எல்லாம் நம் 39 இலக்க எண்ணின் இரட்டை மடங்கோடு 1 கூட்டிய வடிவில்தான் இருக்கும். ஒன்றைப் பிடித்து 2287க்குச் செய்த மாதிரியே வர்க்கப்படுத்தி மீதி பார்க்கலாம். 127 வர்க்கப்படுத்தல் போதும், தாளில்கூட முடியும். தேடியவர்கள் யாருக்கும் இதுவரை அப்படி ஒன்று அகப்படவில்லை.

யாழ்_எண்

எனக்கென்னவோ அதுவும் முதன்மை எண்ணாய்த்தான் இருக்கும் எண்டு படுது. அஞ்சு கண்ணி தொடர்ந்து வந்திருக்கு.

எண்கோட்பாடு_மாணவி

அண்ணா, அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. முதல் நான்கும் மிகச் சின்ன எண்கள். அங்கே பகா எண்கள் நெருக்கமாகவே கிடக்கும். உண்மையில் வியக்க வேண்டியது 127இலிருந்து நம் எண்ணுக்குப் போன ஒரே ஒரு தாவல்தான். இவ்வளவு பெரிய இடத்தில் அடுத்த தாவலும் பலிக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியவில்லை. என் ஊகம், அது பகு எண்.

நெல்லை_நிரலர்

லூக்கா–லேமரை நானே எழுதி ஓட்டிவிட்டேன். 127க்கு 125ஆவது சுற்றில் பூஜ்யம். அடுத்து 67 கொடுத்தேன், பூஜ்யம் வரவில்லை. டீச்சர் சொன்ன விதிப்படி 134 கூட்டிக்கொண்டே போய் வகுத்தியையும் தேடச் சொன்னேன். 14,45,580ஆவது படியில் 193707721 வந்து நின்றது. கோல் கரும்பலகையில் எழுதிய எண், ஒரு நொடிகூட ஆகவில்லை. இதே லூப்பை இப்போது 257க்கு ஓட்டப் போகிறேன்.

எண்கோட்பாடு_மாணவி

257க்கு இப்படியே ஓட்டாதீங்க அண்ணா. அதன் ஆகச் சின்ன வகுத்தி 535006138814359. 514 கூட்டிக்கொண்டு போனால் ஒரு லட்சம் கோடிக்கு மேல் படிகள். முதலில் 8ஆல் வகுத்து மீதி 1, 7 வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு 3, 5, 7, 11 மடங்குகளைச் சல்லடை போட்டுக் கழித்துவிட்டு, சி அல்லது ரஸ்டில் எழுதுங்கள். அப்புறம் எல்லாக் கோர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

நெல்லை_நிரலர்

ரஸ்டில்தான். மீதிக் கணக்குக்கு ஐ128 (தொடக்கத்தில் சொன்ன அதே 128 பிட் முழு எண் வகை) போதும்.